கம்பம் பள்ளத்தாக்கின் கம்பியில்லாப் பாதைகள்

மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் அதிலிருந்து வடகிழக்காகக் கிளைக்கும் வருசநாட்டு மலைத்தொடருக்கும் நடுவே, குமுளி மலையடிவாரம் தொடங்கிக் கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் வழியாகத் தேனியை நோக்கி இறங்கும் கம்பம் பள்ளத்தாக்கு, வேளாண்மை வரலாற்றிலும் பாசன வரலாற்றிலும் விரிவாகப் பேசப்பட்ட நிலம். செய்தித் தொடர்பின் வரலாற்றிலும் அதற்கு ஓர் இடம் உண்டு என்பது அந்த அளவுக்கு அறியப்படவில்லை. 2000களின் நடுப்பகுதியில், தேனி அரவிந்த் கண் மருத்துவமனையைச் சுற்றுவட்டார ஊர்களின் பார்வை மையங்களோடு இணைத்து எழுப்பப்பட்ட ஒரு கம்பியில்லா வலையமைப்பு, ரேடியோக் கருவி எவ்வாறு இயங்க வேண்டும் என்ற முடிவைக் கருவி செய்த தொழிற்சாலையிடம் விட்டுவைக்காமல், களத்தின் தேவைக்கேற்ப மாற்றி எழுதக்கூடிய மென்பொருளிடம் ஒப்படைத்தது. இன்றைய ஐந்தாம் தலைமுறை அலைபேசி அமைப்புக்கும் வரவிருக்கும் ஆறாம் தலைமுறைக்கும் அடித்தளமாகக் கருதப்படும் ஒரு கொள்கை, அதற்கென ஒரு பெயர் உலகில் புழங்கத் தொடங்குவதற்குச் சில ஆண்டுகள் முன்னதாகவே, இந்த வட்டாரத்தின் டவர்களில் தேவையின் காரணமாக ஒரு முன்வடிவம் பெற்றிருந்தது.

அந்தக் கொள்கையை மென்பொருள் வரையறுத்த வலையமைப்பு என்பர். எந்த வலையமைப்பிலும் இரண்டு வேலைகள் நடக்கின்றன: வந்த தரவை வாங்கி அடுத்த கருவிக்குத் தள்ளிவிடுவது ஒன்று, எந்தத் தரவை, எந்த வழியில், எந்த முன்னுரிமையோடு தள்ளுவது என்று முடிவு செய்வது மற்றொன்று. முதல் வேலையைச் செய்யும் பகுதி தரவுத் தளம் என்றும், இரண்டாவதைச் செய்யும் பகுதி கட்டுப்பாட்டுத் தளம் என்றும் வழங்கப்படும். நெடுங்காலம் இவ்விரண்டும் ஒரே பெட்டிக்குள் பூட்டப்பட்டிருந்தன; ஒவ்வொரு ரவுட்டரும் தானே முடிவெடுத்துத் தானே சுமந்தது, அதன் உள்ளே இருந்த முடிவெடுக்கும் முறை தயாரித்த நிறுவனத்தின் உடைமையாக இருந்தது. இரண்டையும் பிரித்து, முடிவெடுக்கும் பொறுப்பைத் தனியான ஒரு கட்டுப்பாட்டு மென்பொருளிடம் கொடுத்து, கருவிகளை அதன் ஆணைப்படி இயங்க வைப்பதே இந்தக் கொள்கையின் சாரம். முல்லைப் பெரியாற்றுப் பாசனத்தில் 1895 முதல் வாழும் பள்ளத்தாக்கின் உழவர்களுக்கு இந்தப் பிரிவு விளங்காத ஒன்றன்று: தண்ணீரைச் சுமப்பது சுரங்கமும் ஆறும் வாய்க்காலும் என்றாலும், எத்தனை கன அடி திறப்பது என்ற முடிவு வேறோர் இடத்தில் எடுக்கப்பட்டு, தேக்கடி மதகுக்கு ஆணையாகவே வந்து சேர்கிறது.

முடிவையும் சுமையையும் பிரிக்கும் முயற்சி தொலைபேசியின் வரலாற்றிலேயே தொடங்கிவிட்டது. கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய நகரங்களில் 1882 ஜனவரியில் இந்தியாவின் முதல் தொலைபேசி நிலையங்கள் திறக்கப்பட்டபோது, அழைப்பவர் யாரோடு பேச வேண்டும் என்பதைக் கேட்டறிந்து, உரிய துளையில் கம்பியைச் செருகிய இயக்குநரின் கையில் முடிவும் இணைப்பும் ஒன்றாக இருந்தன. எண்ணைச் சுழற்றும்போது அந்தத் துடிப்புகளுக்கேற்பத் தானே நகர்ந்து இணைப்பை உண்டாக்கிய ஸ்ட்ரோஜர் வகை எந்திரம் வந்த பிறகும் நிலைமை அதுதான். மனிதக் கையின் இடத்தில் இரும்புக் கை வந்ததே தவிர, முடிவு சுமையோடு ஒட்டியே கிடந்தது. வெளியூர் அழைப்புக்கு ட்ரங்க் கால் பதிவு செய்துவிட்டு மணிக்கணக்கில் காத்திருந்த தலைமுறைக்கு, ஒவ்வொரு நிலையத்திலும் வெவ்வேறு கைகள் எடுத்த முடிவுகள் ஒன்றுசேர்ந்தால்தான் ஒரு பாதை உருவாகும் என்பதன் விலை நன்கு தெரியும். 1970களில் அமெரிக்காவில், குரல் செல்லும் தடத்திலிருந்து அழைப்பை அமைக்கும் சைகைகளைப் பிரித்து அவற்றுக்கென்று தனி வலையமைப்பை உண்டாக்கியபோதும், 1980களின் தொடக்கத்தில் ஏடி அண்ட் டி நிறுவனம் அழைப்பை எங்கே அனுப்புவது என்பதை ஒரு மையக் கணினியின் தரவுத்தளத்திடம் கேட்டறியும்படி தன் நிலையங்களை மாற்றியமைத்தபோதும்தான் கட்டுப்பாடு முதன்முறையாகத் தனிவழி கண்டது.

இந்தியச் சிற்றூர்களுக்கு இந்த மாற்றம் வேறொரு வாசல் வழியாக வந்தது. 1984-இல் நிறுவப்பட்ட சி-டாட் என்னும் தொலைத்தொடர்பு வளர்ச்சி மையம், சாம் பிட்ரோடாவின் ஊக்கத்தால், குளிர்சாதன அறை இல்லாமலேயே வெயிலையும் தூசியையும் தாங்கி இயங்கும் 128 இணைப்புகள் கொண்ட ஊரக மின்னணு நிலையத்தை வடிவமைத்தது. அதன் முதல் நிலையம் 1986-இல் கருநாடகத்தின் கித்தூரில் இயங்கத் தொடங்கியது. நகரும் உறுப்புகள் செய்த வேலையை நினைவகத்தில் பதிந்த நிரல் செய்யத் தொடங்கியதும், பழுது என்பதன் பொருளே மாறிவிட்டது. இயங்கும் சூழலை முதலில் அளந்து, அதற்கேற்பக் கருவியைப் பின்னர் வரைந்த இந்த மனப்பாங்கைத் தேனியின் வரலாற்றில் மீண்டும் காணலாம்.

கம்பியின் செலவு ஊரகத் தொலைபேசிக்குப் பெருந்தடையாக இருந்தது. அந்தத் தடையைக் கடக்க, அசோக் ஜுன்ஜுன்வாலா வழிநடத்திய சென்னை ஐஐடியின் டெனெட் குழு, நிலையத்துக்கும் வீட்டுக்கும் இடையிலான கடைசி நீளத்தை ரேடியோவால் நிரப்பும் கார்டெக்ட் என்ற அமைப்பை 1990களில் உருவாக்கியது. குரலும் இணையமும் ஒருசேரக் கிடைத்தது அதன் தனிச்சிறப்பு. 2000களின் தொடக்கத்தில் மதுரை மாவட்டத்து மேலூர் வட்டாரத்தின் ஊர்களில் அந்த அமைப்பைக் கொண்டு இணைய மையங்கள் நிறுவப்பட்டன. சாரி என்று அழைக்கப்பட்ட அத்திட்டத்தின் மையங்களிலிருந்து, கிராமத்தாரின் கண்களை எளிய கேமராவில் படமெடுத்து மதுரை அரவிந்த் மருத்துவமனைக்கு அனுப்பி மருத்துவர் கருத்தைக் கேட்கும் முறையும் தோன்றியது. படம் அனுப்புவதற்கு அந்த இணைப்பு போதுமானதாக இருந்தது. நோயாளியும் மருத்துவரும் முகம் பார்த்துப் பேசுவதற்கு அது போதவில்லை. தேனிக் கதையின் தொழில்நுட்பத் தேவை இந்தப் போதாமையிலிருந்தே பிறந்தது.

டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976-இல் மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, தன் கிளையைத் தேனியில் 1985-இல் நிறுவியது. ஊர் ஊராக முகாம் நடத்தியும், கண் குறையுள்ளவர்களில் பெரும்பகுதியினர் முகாமுக்கு வருவதில்லை என்பதை நிறுவனம் கண்டறிந்தபோது, நிரந்தரமாக இயங்கும் சிறு மையங்களை ஊர்களிலேயே அமைக்கும் எண்ணம் உருவானது. பார்வை மையம் எனப்பட்ட அந்தச் சிறு மையத்தில் மருத்துவர் இருப்பதில்லை. மருத்துவமனை பயிற்றுவித்த, பெரும்பாலும் கிராமப்புறக் குடும்பங்களைச் சேர்ந்த இளம்பெண்கள், கண்ணின் முன்பகுதியைப் பெரிதாக்கிக் காட்டும் ஸ்லிட் லேம்ப் கருவியால் நோயாளியைப் பரிசோதித்து, தேனியில் அமர்ந்திருக்கும் மருத்துவரோடு வீடியோவில் இணைப்பார்கள். கண்ணாடி போதுமா, அறுவை சிகிச்சைக்கு வர வேண்டுமா என்பதை அந்த உரையாடலே முடிவு செய்யும். பலருக்கு ஒரு நாள் கூலியும் பேருந்துக் கட்டணமும் மிஞ்சும் என்பதை வெறும் வசதியாகக் கொள்வது தவறு. ஒரு நாள் கூலியை இழக்க முடியாதவர் கண்ணைக் காட்டாமலே இருந்துவிடுவார், புரை முற்றிவிடும். ஆகவே வீடியோவின் தெளிவு மருத்துவத்தின் நிபந்தனையாக இருந்தது, இணைப்பு அறுபடுவது சிகிச்சை தவறுவதாகவே முடிந்தது.

இந்த இணைப்பை உண்டாக்க, எரிக் புரூவர் தலைமையில் இயங்கிய பெர்க்லி கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டையர் ஆய்வுக்குழு அரவிந்தோடு சேர்ந்தது. வீடுகளிலும் அலுவலகங்களிலும் புழங்கும் மலிவான வைஃபை அட்டைகளைக் கொண்டே மலைசூழ்ந்த இந்த நிலத்தில் பல கிலோமீட்டர் தொலைவைக் கடப்பது குழுவின் திட்டம். காலமும் அதற்கு வாய்ப்பாக அமைந்தது: 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையைக் குறைந்த திறனில் உரிமம் இன்றிப் பயன்படுத்த இந்திய அரசு 2005 ஜனவரியில் அறிவித்த விதிகள் வழிவிட்டன. 2006-இல் தேனி மருத்துவமனை ஐந்து மையங்களோடு இணைந்திருந்தது. ஆண்டிப்பட்டி, போடிநாயக்கனூர், சின்னமனூர் ஆகிய ஊர்கள் அந்த வலையமைப்புக்குள் வந்தன. இணைப்புகளின் நீளம் 1 கிலோமீட்டர் முதல் 15 கிலோமீட்டர் வரை வேறுபட்டது. ஒரு முனையிலிருந்து மறுமுனை கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதால் ஆன்டெனாக்கள் உயரமான டவர்களில் ஏறின. டவர் எழுப்பச் செலவு மிகுந்த இடங்களில் கட்டட மொட்டைமாடிகளும், ஒரு நூற்பாலை வளாகத்து மின்நிலையப் புகைபோக்கியும் அந்தப் பணிக்குக் கைகொடுத்தன.

வைஃபை அட்டை மலிவானது என்பதற்காக அதன் நடத்தை நெடுந்தொலைவுக்குப் பொருந்திவிடவில்லை. நூறு மீட்டருக்குள் இருப்பவர்கள் ஒருவர் பேசுவதை ஒருவர் கேட்டு, அமைதியான தருணம் பார்த்துப் பேசுவார்கள் என்ற கருத்தின் மீது அதன் விதிகள் எழுதப்பட்டிருந்தன. ஒவ்வொரு தரவுப் பொட்டலத்தையும் அனுப்பிய பின் 'கிடைத்தது' என்ற ஒப்புகை உடனே வர வேண்டும். வராவிட்டால் பொட்டலம் தொலைந்ததாகக் கருதி அட்டை மீண்டும் அனுப்பும். நூறு மீட்டரைக் கடக்க ரேடியோ அலைக்கு ஒரு மைக்ரோ நொடியில் மூன்றில் ஒரு பங்கே தேவைப்படும், ஆனால் 15 கிலோமீட்டரைக் கடக்க 50 மைக்ரோ நொடி ஆகும், ஒப்புகை திரும்பி வர இன்னொரு 50 ஆகும். அன்றைய வைஃபை தரத்தில் காத்திருப்பு 20 மைக்ரோ நொடி அலகுகளில் அளக்கப்பட்டது என்பதால், நலமாகச் சேர்ந்த பொட்டலத்தையும் தொலைந்ததாக எண்ணி அட்டை திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டிருக்கும். மறுமுனை பேசத் தொடங்கியது கேட்பதற்குள் இம்முனையும் பேசிவிட, இரண்டும் நடுவழியில் மோதும். இதோடு, ஒரே டவரில் வெவ்வேறு திசை பார்த்து நிற்கும் இரண்டு ஆன்டெனாக்களில் ஒன்று அனுப்பும்போது மற்றொன்று கேட்டுக்கொண்டிருந்தால், பக்கத்து ஆன்டெனாவின் பலத்த ஒலி தொலைவிலிருந்து வரும் மெல்லிய சிக்னலை மூழ்கடித்துவிடும்.

கங்கைச் சமவெளியில் இதே சிக்கலை முன்னரே எதிர்கொண்டவர்கள் கான்பூர் ஐஐடியின் பாஸ்கரன் ராமனும் காமேஸ்வரி செப்ரோலுவும். ஒரு டவரில் உள்ள ஆன்டெனாக்கள் அனைத்தும் ஒரே நேரத்தில் அனுப்பவும், அடுத்து ஒரே நேரத்தில் கேட்கவும் வேண்டும் என்ற அவர்களது முறை 2005-இல் வெளியானது. அதை மேலும் வளர்த்து, ராபின் பத்ரா, செர்கியு நெதெவ்ஸ்கி, சோனேஷ் சுரானா, லட்சுமிநாராயணன் சுப்பிரமணியன் உள்ளிட்டோர் உருவாக்கிய வைல்ட்நெட் என்ற முறை 2007-இல் ஆய்வுக் கட்டுரையாக வந்தது. ஒருவரை ஒருவர் கேட்டுப் பேசும் விதியை அது முற்றாக நீக்கியது. ஒவ்வொரு முனைக்கும் சில மில்லி நொடி நீளமுள்ள நேரப் பங்கை ஒதுக்கியது. பொட்டலத்துக்கு ஒன்றாக வந்த ஒப்புகைகளைத் திரட்டி மொத்தமாக அனுப்பியது. தொலையும் அளவுக்கேற்பக் கூடுதல் திருத்தத் தரவைச் சேர்த்தது. இவ்வளவும் நடந்தது மென்பொருளில். அட்டையின் உலோகத்திலோ சில்லிலோ ஒரு மாற்றமும் இல்லை. லினக்ஸ் ஓடும் சிறு கணினிப் பலகையில், துண்டு துண்டாக அடுக்கி வலையமைப்பு நடத்தையை எழுத உதவும் கிளிக் என்ற நிரல்தொகுதியில் அது எழுதப்பட்டது. தரவு கடந்த வேகம் முந்தைய முறைகளைவிட 2 முதல் 5 மடங்கு வரை உயர்ந்தது. இதே வழியில் வைஃபையின் விதியை மாற்றி எழுதியதால்தான், 2007-இல் வெனிசுவேலாவின் மலைகளுக்கிடையே 382 கிலோமீட்டர் நீளமுள்ள இணைப்பையும் உண்டாக்க முடிந்தது.

வேகத்தைக் கூட்டியது இக்கதையின் பாதி. மறுபாதியை வரலாற்றாசிரியர் கூடுதல் கவனத்தோடு படிக்க வேண்டும். 2008-இல் அதே குழு வெளியிட்ட கட்டுரை, தேனியில் நேர்ந்த பழுதுகளை ஒளிவுமறைவின்றி அடுக்கியது. பழுதுகளில் பெரும்பகுதி ரேடியோவினால் வந்தவையல்ல, மின்சாரத்தால் வந்தவை. மின்னழுத்தம் திடீரென எகிறிக் கருவிகளை எரித்தது. நெடுநேரம் தாழ்ந்து கிடந்தபோது ரவுட்டர் பாதி விழித்துப் பாதி அணைந்து, நினைவக அட்டையின் பதிவுகள் சிதைந்தன. பழுதான கருவிக்குள் நுழைந்து பார்க்க வேண்டுமானால் அதே கருவியின் இணைப்பு வழியாகத்தான் செல்ல வேண்டும், அந்த இணைப்போ செத்துக் கிடக்கும். கட்டுப்பாடும் சுமையும் ஒரே தடத்தில் ஓடுவதால் வரும் ஆபத்து இதைவிடத் தெளிவாக வெளிப்பட்ட இடங்கள் குறைவு. குழு அதற்குக் கண்ட விடைகள் இக்கட்டுரையின் பொருளுக்கு நேராக வருகின்றன: ஒவ்வொரு ரவுட்டரும் தன் நிலையைத் தானே குறித்த இடைவெளியில் வெளியே அனுப்பும்படி செய்தனர், முதன்மை இணைப்பு போனாலும் கருவியை எட்டுவதற்கு அலைபேசி வலை போன்ற புறவழிகளை ஏற்படுத்தினர், தொலைவிலிருந்து ஏற்றிய புதிய மென்பொருள் தவறினால் பழைய, நம்பத்தக்க பதிப்புக்குத் தானே திரும்பும் ஏற்பாட்டையும் செய்தனர். கட்டளை செல்லும் வழி, தரவு செல்லும் வழியிலிருந்து இவ்வாறு பிரிந்தது.

கட்டளை எங்கிருந்து வர வேண்டும் என்ற கேள்வியும் அங்கேயே எழுந்தது. தொடக்கத்தில் பழுதுகளைக் கண்டறிந்தவர்கள் கடல் கடந்திருந்த ஆய்வாளர்கள். அவர்களால் நிரலைத் திருத்த முடிந்தது, எரிந்த மின்பகுதியை மாற்ற முடியவில்லை. மருத்துவமனைப் பணியாளர்களால் டவரில் ஏற முடிந்தது, ஆனால் 'லிங்க் போயிடுச்சு' என்பதற்கு மேல் காரணத்தைப் பிரித்தறியும் கருவிகள் அவர்களிடம் முதலில் இல்லை. மின்சாரமா, ஆன்டெனா திரும்பியதா, நிரலா என்று காட்டித்தரும் எளிய கருவிகளை அமைத்து, உள்ளூர்ப் பணியாளர்களைப் பயிற்றுவித்த பிறகே வலையமைப்பு உறுதியாக நின்றது. தொலைக் கட்டுப்பாட்டின் வலிமையைப் போற்றும் நூல்கள் பல இந்தப் படிப்பினையைக் கடந்துபோகின்றன. அது பெரும் குறை.

தேனி கட்டுரை வந்த அதே 2008-இல், ஸ்டான்போர்டின் நிக் மெக்கியூன் முதலானோர் ஓப்பன்ஃப்ளோ என்ற நெறிமுறையை வெளியிட்டனர். ஸ்விட்சுக்குள் இருக்கும் வழிகாட்டும் அட்டவணையை வெளியிலிருந்து ஒரு மென்பொருள் எழுதவும் திருத்தவும் அது பொதுவான மொழி ஒன்றைத் தந்தது. மென்பொருள் வரையறுத்த வலையமைப்பு என்ற பெயர் அடுத்த ஆண்டு அச்சேறியது. 2011-இல் அதை வளர்க்கத் தனி அமைப்பு தோன்றியது. அதே ஸ்டான்போர்டில் வைஃபை, வைமாக்ஸ் நிலையங்களையும் இம்முறையில் ஆளும் சோதனை விரைவிலேயே தொடங்கியது. தேனி வலையமைப்பை இதன் நேர் மூதாதை என்று கூறுவது மிகை. அங்கே எல்லாவற்றையும் ஒருங்கே பார்த்து ஆணையிடும் மையக் கட்டுப்பாட்டகம் இருக்கவில்லை. நேரப் பங்கீட்டை முனைகள் தமக்குள்ளேயே ஒத்திசைத்துக்கொண்டன. எனினும், பொதுவான மலிவுக் கருவி, மாற்றி எழுதத்தக்க நடத்தை, தனிவழியில் செல்லும் கட்டளை ஆகிய மூன்றும் ஒரே இடத்தில், ஆய்வகத்துக்கு வெளியே, நோயாளிகளின் அன்றாடத் தேவைக்காகக் கூடியிருந்தன என்பது உறுதி.

அலைபேசி வலையமைப்புகள் இந்தத் திசைக்கு வரக் காலமெடுத்தன. அவற்றை வரையறுக்கும் 3ஜிபிபி என்னும் பன்னாட்டு அமைப்பு, நான்காம் தலைமுறையின் மையப்பகுதியில் கட்டுப்பாட்டையும் பயனர் தரவையும் பிரிக்கும் விதிகளை 2017-இல் நிறைவு செய்தது. ஐந்தாம் தலைமுறை தொடக்கத்திலிருந்தே அந்தப் பிரிவின் மீது வரையப்பட்டது. டவரின் அடியிலுள்ள கருவிகளையும் வெவ்வேறு நிறுவனங்கள் செய்து ஒன்றோடொன்று பொருத்தும்படி திறந்த இடைமுகங்களை வகுக்க 2018-இல் ஓ-ரான் கூட்டமைப்பு உருவானது. இந்தியாவில் சென்னை ஐஐடி வழிநடத்த எட்டு நிறுவனங்கள் சேர்ந்து அமைத்த ஐந்தாம் தலைமுறைச் சோதனைக் களம் 2022 மே மாதம் திறக்கப்பட்டது. அவ்வாண்டு அக்டோபரில் சேவையும் தொடங்கியது. ஊராட்சிகளுக்குக் கண்ணாடி இழை கொண்டுசெல்லும் பாரத்நெட் திட்டத்தைத் தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளுக்காக டான்ஃபிநெட் நிறுவனம் நிறைவேற்றிவருகிறது.

பள்ளத்தாக்கின் நிலத்தோற்றம் இந்தப் புதிய அமைப்புக்குக் கடினமான தேர்வுகளை முன்வைக்கிறது. போடிமெட்டுச் சாலையின் 17 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும் வண்டியிலுள்ள அலைபேசி, ஒரு பாறை முனையைத் தாண்டியதும் ஒரு டவரை இழந்து மற்றொன்றைத் தேடுகிறது. ஏலத்தோட்ட வேலைக்காக மலையேறும் தொழிலாளர்களின் பேசி, கேரள எல்லையைக் கடந்ததும் வேறொரு தொலைத்தொடர்பு வட்டத்தின் ஆளுகைக்குள் போய்விடுகிறது. பல டவர்களின் நிலையை ஒருங்கே காணும் கட்டுப்பாட்டு மென்பொருளால், அடுத்த வளைவில் எந்த டவர் ஏற்க வேண்டும் என்பதை முன்கூட்டி ஆயத்தம் செய்ய முடியும். அந்த மென்பொருள் எங்கே அமர வேண்டும் என்பது எளிய கேள்வியன்று. கண்ணாடி இழையில் ஒளி ஒரு கிலோமீட்டரைக் கடக்க 5 மைக்ரோ நொடி எடுக்கும். கம்பத்திலிருந்து சுமார் 500 கிலோமீட்டர் தொலைவிலுள்ள சென்னைக்குக் கேள்வி போய் விடை வரக் குறைந்தது 5 மில்லி நொடி ஆகும். ஐந்தாம் தலைமுறையில் பரவலாகப் பயன்படும் அமைப்பில் ஒரு நேரப் பங்கின் நீளம் அரை மில்லி நொடிதான். ஆகையால் எந்தப் பேசிக்கு எந்தக் கணத்தில் இடம் என்பதைச் சென்னையிலிருந்து தீர்மானிக்க இயலாது. ஓ-ரான் வரையறை இதை ஏற்று, 10 மில்லி நொடிக்குள் முடிய வேண்டியவற்றை நிலையத்திடமும், அதற்கு மேல் ஒரு நொடி வரையிலானவற்றை அருகிலுள்ள கட்டுப்பாட்டகத்திடமும், ஒரு நொடிக்கு மேற்பட்டவற்றைத் தொலைவிலுள்ள கட்டுப்பாட்டகத்திடமும் பகிர்ந்தளிக்கிறது.

இழை எட்டாத மலைமுகட்டு டவர்களுக்காக, ஒரு நிலையமே அருகிலுள்ள பேசிகளுக்குச் சேவை தந்துகொண்டு, அதே ரேடியோவால் கீழேயுள்ள மற்றொரு நிலையத்தோடு தன் இணைப்பையும் பெறும் முறையை 3ஜிபிபி 2020-இல் நிறைவு செய்த தன் பதினாறாவது வெளியீட்டில் வரையறுத்தது. அத்தகைய இடைநிலையம் ஒரே அலைவரிசையில் ஒரு பக்கம் அனுப்பிக்கொண்டே மறுபக்கம் கேட்க முடியாது. அது எப்போது பேச வேண்டும், எப்போது கேட்க வேண்டும் என்ற நேரப் பங்கீடு அடுத்தடுத்த நிலையங்கள் அனைத்துக்கும் பொருந்துமாறு வகுக்கப்பட வேண்டும். தேனியைச் சுற்றிய டவர்களில் 2006-இல் முனைகள் தமக்குள் பேசித் தீர்த்துக்கொண்ட அதே கணக்கு இங்கே கண்ணாடி இழை உள்ள அடிநிலையத்தின் கட்டுப்பாட்டுப் பகுதிக்கு மாறுகிறது. அங்கிருந்து வரும் ஆணை ஏதோ காரணத்தால் தடைபட்டால் மலைமேல் நிற்கும் நிலையம் தானாக எவ்வளவு நேரம், எந்த அளவு முடிவெடுக்கலாம் என்பதை வகுப்பதே ஆறாம் தலைமுறைக்கான ஆய்வுகளில் இப்போது நடக்கும் வேலைகளில் ஒன்று.